புகைக்குள் சைக்கிள் மிதிக்கலாமா?

சிக்னலில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளோடு நின்றவர்களுக்குத் தெரியும்: பச்சை விழுந்ததும் பஸ் குப்பென்று கரும்புகையைக் கக்கும். நின்ற வண்டியை நகர்த்த நாம் பெடலை அழுத்தி மூச்சை நன்றாக இழுப்பதும் சரியாக அதே நேரத்தில்தான். உடம்புக்கு நல்லது என்று சைக்கிளை எடுத்தால், கிடைக்கும் நன்மையை எல்லாம் இந்தப் புகை தின்றுவிடாதா? இதற்குக் கணக்குப் போட்டே விடை தேடியிருக்கிறார்கள்.

பெரிய தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். தொல்லை தருவது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோதான் இதன் விட்டம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்து அழற்சியைக் கிளப்பும். நாள்பட இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும்.

உள்ளே எவ்வளவு போகிறது என்பது மூன்றின் பெருக்கல்: காற்றில் இருக்கும் துகள், நிமிடத்துக்கு நாம் இழுக்கும் காற்று, சாலையில் இருக்கும் நேரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல ஊர்களில் அளந்து பார்த்தபோது, சைக்கிள்காரரைச் சுற்றியுள்ள காற்றைவிடக் காருக்குள் இருக்கும் காற்றில்தான் மாசு அதிகம். முன்னால் போகும் வண்டியின் புகையைத்தானே கார் உள்ளே இழுக்கிறது. ஆனால் பெல்ஜியத்தில் 2010-இல் வெளியான ஆய்வின்படி, சைக்கிள் ஓட்டுபவர் காரில் உட்கார்ந்திருப்பவரைப்போல 4.3 மடங்கு காற்றை இழுக்கிறார். ஆகவே மொத்தத்தில் அவர் நெஞ்சுக்குள்தான் அதிகம் போய்ச் சேர்கிறது.

சரி, லாபம் எங்கே? உடலுழைப்பே இல்லாதவருக்கு முதல் அரை மணி நேரம் கொடுக்கும் பலன் மிகப் பெரியது. இதயநோய், நீரிழிவு எல்லாவற்றுக்குமான ஆபத்து அங்கேதான் மளமளவென்று இறங்குகிறது. இரண்டாவது மணி நேரத்தில் பலன் கொஞ்சம்தான் கூடும். புகையின் கேடோ அப்படித் தணிவதில்லை. மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போகும். ஒரு கோடு வளைந்து படுக்க, இன்னொன்று ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துத்தானே ஆகவேண்டும்?

அந்த இடத்தைத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்கோ டைனியோவும் சகாக்களும் 2016-இல் கணக்கிட்டார்கள். உலக நகரங்களின் சராசரியாக அவர்கள் எடுத்துக்கொண்டது, கன மீட்டர் காற்றுக்கு 22 மைக்ரோகிராம் நுண்துகள். அந்த அளவில் எவ்வளவு நேரம் மிதித்தாலும் லாபம்தான். 100 மைக்ரோகிராம் உள்ள ஊரில், நாளுக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் நஷ்டம். வீட்டில் இருப்பதற்குப் பதிலாக மிதிப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு. காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வருபவருக்கு எல்லை மூன்றரை மணி நேரம் வரை நீள்கிறது, காரில் போயிருந்தாலும் புகையைச் சுவாசித்திருப்பார் அல்லவா!

தினம் அரை மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு நஷ்டம் தொடங்க 160 மைக்ரோகிராம் வேண்டும். அவர்கள் பயன்படுத்திய பட்டியலில் டெல்லியின் ஆண்டுச் சராசரி 153. அங்கேகூட வாரத்துக்கு சுமார் 5 மணி நேரம் தாண்டினால்தான் தட்டு மறுபக்கம் சாயும் என்றார்கள்.

இதை வைத்துக்கொண்டு நவம்பர் மாதத்து டெல்லிப் பனிப்புகையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. இவை ஆண்டுச் சராசரியை வைத்து, ஆயுள் முழுவதற்கும் போட்ட கணக்குகள். சராசரியைப்போலப் பல மடங்கு மாசு ஏறும் ஒரு நாளைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. ஆஸ்துமாக்காரருக்கு அந்த ஒரு நாளே போதும்.

அப்புறம் விபத்து. புகையைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. டைனியோவின் கணக்கில் இது வரவும் இல்லை. நெதர்லாந்தில் 2010-இல் யோஹான் டி ஹார்டோக் குழு இதையும் சேர்த்துப் பார்த்தது. சின்னத் தூரங்களுக்குக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறினால், உடலுழைப்பால் ஆயுள் 3 முதல் 14 மாதம் கூடும். மாசால் அதில் 0.8 முதல் 40 நாள் வரை போகும், விபத்தால் 5 முதல் 9 நாள். கொடுத்துவைத்த நாடு! அந்த 5 முதல் 9 நாள், சைக்கிளுக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கும் நாட்டின் எண். லாரியோடு உரசிக்கொண்டு போகும் நம் நெடுஞ்சாலைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

லாபமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. லண்டனின் வாடகைச் சைக்கிள் திட்டத்தை 2014-இல் ஆராய்ந்தவர்கள், மொத்தத்தில் நன்மைதான், ஆனால் அது இளைஞர்களைவிட வயதானவர்களுக்கே கூடுதல் என்று கண்டார்கள். காரணம் எளிது. இருபது வயதில் தடுப்பதற்கு இதயநோய் அவ்வளவாக இல்லை, விபத்து மட்டும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு மிதியும் மாரடைப்பைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் நம் ஊரில் அந்த வயதில் ஒருவர் சைக்கிளை எடுத்தால், "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது.