வாய்க்காலைத் தூர்வார யாரிடம் மனு கொடுப்பது?

ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், "வாய்க்காலைத் தூர்வாரவே இல்லை" என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். பேச்சு நியாயமானதுதான், மனுதான் பல நேரம் தவறான அலுவலகத்துக்குப் போகிறது. "இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வருவதற்குள் மார்கழி வந்துவிடும். எனக்கும் அப்படி ஒருமுறை நடந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில்தான் அந்த ஓடையைத் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள்.

பொதுவான கணக்கு இதுதான். ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் பெரிய கால்வாய்களும், 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி, கண்மாய்களும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. 2021 வரை இது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. அதனால் மதகருகே உள்ள பழைய பலகையில் பொதுப்பணித் துறை என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். ஆயக்கட்டு அதைவிடக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். பார்க்க வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர். காவிரி டெல்டாவில் ஏ, பி பிரிவு வாய்க்கால்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. வயலுக்குள் போகும் சி, டி வாய்க்கால்களை அண்மை ஆண்டுகளில் வேளாண்மைப் பொறியியல் துறை தூர்வாரி வருகிறது. சென்னையில் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறைக்கு, தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. ஓடுவது ஒரே தண்ணீர்தான், ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டுகள்தான் நாலு.

உங்கள் வாய்க்கால் இதில் எது என்று தெரிய, அதன் சர்வே எண்ணைப் பிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் அ பதிவேட்டையும் (கிராமத்து நிலங்களின் வகைப்பாட்டுப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுக்கலாம். பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பாடு இருக்கும். சர்வே எண், கிராமம், வட்டம் மூன்றும் எழுதிய மனுவை அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கொடுப்பது? மழை வந்தபின் கொடுத்தால் அந்த வருடத்துக்கு உதவாது. பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும், நிதி ஒப்புதல் வர வேண்டும், அப்புறம் டெண்டர். பொக்லைன் இறங்குவது அதற்குப் பிறகுதான். டெல்டாவில், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் கோடையிலேயே தூர்வாருகிறார்கள். 2022-இல் இப்படி 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் நீள ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி எடுக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்கள்தான் வேலைக்காலம். ஆகவே மனு தை, மாசியிலேயே போய்ச் சேர்ந்திருப்பது நல்லது.

இனி, மனுவில் என்ன கேட்பது என்பது. எல்லாரும் "ஏரியைத் தூர்வாருங்கள்" என்றே எழுதுகிறார்கள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் அது சரி. வெள்ளத்துக்கு அது பாதி மருந்துகூட இல்லை. கார்த்திகையில் ஏரி ஏற்கெனவே நிரம்பி நிற்கும். அடியில் இரண்டடி ஆழப்படுத்தியிருந்தால் அந்த இரண்டடியும் முதல் மழையிலேயே நிறைந்துபோயிருக்கும். அதற்கு மேல் வருவது கலுங்கு, அதாவது ஏரியின் உபரிநீர்ப் போக்கி வழியாக வெளியேறியாக வேண்டும். தெற்கே இதையே மறுகால் பாய்வது என்பார்கள். அந்தக் கலுங்குக்குக் கீழே உபரிநீர் போகும் ஓடையில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், குறுகலான பாலத்தின் கண்களைக் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால், தண்ணீர் ஊருக்குள்தான் திரும்பும். அதனால் உபரிநீர் ஓடையைச் சுத்தம் செய்ய, பாலத்தின் கண்ணை அகலப்படுத்த, கலுங்கின் பலகைகளையும் மதகு ஷட்டர்களையும் பழுதுபார்க்கக் கேளுங்கள். ஓடை அடுத்த ஊர் எல்லையில் அடைத்திருந்தால் அந்த ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது. வருடா வருடம் வரும் சாதாரணப் பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருப்பதுதான் பராமரிப்பால் கிடைப்பது.

ஓடையை யாராவது வளைத்துப் போட்டிருந்தால் அது தனி மனு. நீர்வளத் துறை ஏரிகளுக்கு 2007-இல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து, நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும். ஓடை, வாய்க்கால் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் போதும், தாசில்தாரிடம் போகலாம். நோட்டீஸ் தராமல் நேரே இடித்தால் வழக்கு நீதிமன்றத்தில் நின்றுவிடும். ஆகவே நோட்டீஸ் போனதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

வண்டல் மண் விஷயம் விவசாயிகளுக்கு லாபம். 2024-இல் விதி எளிதாக்கப்பட்டபின், ஏரி வண்டலை இலவசமாக எடுக்கத் தாசில்தாரே அனுமதி தருகிறார். விவசாயத்துக்கு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 60 கன மீட்டர். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். வெட்டும்போது கரையின் அடியை ஒட்டி மட்டும் கை வைக்காதீர்கள், கரை பலவீனமாகும். ஆற்று மணலுக்கு இந்த அனுமதி செல்லாது. தூர்வாருகிறோம் என்று சொல்லி மணல் ஏற்றுகிற லாரியைப் பார்த்தால் அது வேறு கதை.

கரை கசிகிறது, தண்ணீர் ஏறுகிறது என்றால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913. பொதுவான புகாருக்கு முதல்வர் உதவி மையம் 1100. மழை நின்றதும், எந்தப் பாலத்தடியில் தண்ணீர் முட்டி நின்றது, சுவரில் எதுவரை ஏறியது என்று தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். கோடையில் பார்க்க வரும் பொறியாளருக்கு ஓடை காய்ந்துபோய்த்தான் தெரியும், அந்தப் படத்தை வைத்துத்தான் மதிப்பீடு கேட்க முடியும்.