செப்டேஜ் = மலக்கசடு

பேரூராட்சி அறிவிப்புகளிலும் டெண்டர் தாள்களிலும் இப்போது அடிக்கடி தென்படும் சொல் ‘செப்டேஜ்’. வீட்டு செப்டிக் டேங்கில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகிடப்பதை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறதே, அதற்குத்தான் இந்தப் பெயர். மேலே ஏடாக மிதக்கும் கொழுப்பு, நடுவில் கலங்கிய நீர், அடியில் படிந்த மலம் எல்லாம் குழாயில் சேர்ந்தேதான் வரும்.

கிரேக்கத்தில் ‘செப்டிகோஸ்’ என்றால் அழுகச் செய்வது. புண் ‘செப்டிக்’ ஆகிவிட்டது என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரின் பொறியாளர் டொனால்ட் கேமரூன் 1895-இல் கட்டிய மூடிய தொட்டியில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் மலத்தை அழுகவைத்துச் சிதைத்தன. அதனால் ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். அவருக்கு முன்பே பிரான்சில் லூயி மூரா இப்படிப்பட்ட தொட்டியைக் கட்டியிருந்தாலும், நிலைத்தது கேமரூன் வைத்த பெயர்தான். அப்புறம், சாக்கடைக் கழிவைக் குறிக்கும் ‘சூயேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில் ‘செப்டேஜ்’ பிறந்தது. ஆக, மூலச்சொல்லின் பொருள் அழுகல்; நஞ்சு இல்லை. ‘நச்சுத்தொட்டி’ என்று மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? லாரிகளில் ‘கழிவுநீர்’ என்றே எழுதியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. குளித்த நீர், துணி துவைத்த நீர், பாதாளச் சாக்கடையில் ஓடும் நீர் இவையெல்லாம் கழிவுநீர். டேங்கிலிருந்து எடுப்பது சாக்கடை நீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஓடையில் கொட்டினால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும், மீன்கள் சாகும், குடற்புழு முட்டைகள் சேற்றில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். ‘நீர்’ என்ற பெயர் இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது. இருட்டியதும் ஏரிக்கரையில் லாரியைத் திறந்துவிடுபவருக்கும் அந்தப் பெயர் வசதியாகிவிடுகிறது.

பொருந்தும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: கசடு. ‘கற்க கசடற’ என்ற குறளில் அது குற்றம் என்ற பொருளில் வருகிறது. அழுக்கு, அடியில் தங்கும் மண்டி என்ற பொருள்களும் அதற்கு உண்டு. எண்ணெயின் அடியில் தங்குவதைக் கசண்டு என்போம். அதுவும் இதன் உறவுச்சொல்தான். ‘மலக்கசடு’ என்று அரசு ஆவணங்களில் எழுதத் தொடங்கியிருப்பது நல்ல தேர்வு. செப்டேஜில் நீரும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான், ஆனால் அதைக் கையாள்வதில் உள்ள சிக்கல் முழுவதும் கசட்டால் வருவது.

பாதாளச் சாக்கடை இல்லாத சிறு ஊர்களுக்கு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஏற்ற வழி. பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் 2015-இல் ஒன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த நிலையங்களில் ஒன்று, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி பேரூராட்சியில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் லாரி கொண்டுவருவதைக் கம்பிவலையில் வடிகட்டி, மணலும் சரளையும் பரப்பிய உலர்படுகையில் விடுவார்கள். நீர் கீழே வடிந்து, சரளை வடிகட்டிகளையும் குளங்களையும் கடந்து தெளியும். மேலே தங்கும் கசட்டை வெயிலில் உலர்த்தி, சமையலறைக் குப்பையோடு சேர்த்து மக்கவைப்பார்கள். மக்கும்போது எழும் சூட்டில்தான் புழுமுட்டைகள் சாகும்; அதனால் அந்தப் படியை விட்டுவிட்டுக் கசட்டை நேராக வயலுக்கு அனுப்பக் கூடாது.

‘டீஸ்லட்ஜிங்’ என்பதற்கு ‘கசடு அகற்றல்’ என்றே எழுதலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். டேங்க் நிரம்பி வழியும்வரை விட்டுவைத்தால் கசடு தானாகவே தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போய்விடும். உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை வரவழைக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது. வந்த வண்டி எங்கே போய்க் கொட்டும் என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.