கருவிழியிலிருந்து ஒரு திறவுகோல்

ஒழுங்காக நடத்தப்படும் எந்தத் தளமும் நம் கடவுச்சொல்லை உள்ளபடியே சேமித்து வைப்பதில்லை, அதன் ஹாஷை மட்டுமே வைத்திருக்கிறது என்று முன்பொரு கட்டுரையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், கைரேகையையும் கருவிழிப் பதிவையும் அதே முறையில் ஹாஷாக்கி வைத்துவிட்டால் திருட்டுப் பயமே இருக்காதே, ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டிருக்கிறார். 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவாடப்பட்டதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியின் கனம் புரியும். அந்த 56 லட்சம் பேரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்கலாம். விரலை மாற்ற வழியில்லை.

ஹாஷ் என்பது ஒருவழிக் கணக்கு: விடையிலிருந்து மூலத்துக்குத் திரும்ப முடியாது. உள்ளே கொடுத்ததில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மாறினாலும், வெளியே வரும் விடையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறிவிடும்; ஆகவே இரண்டு ஹாஷ்களை ஒப்பிட்டு, மூலங்கள் நெருக்கமானவையா என்று சொல்லவே முடியாது. கடவுச்சொல்லுக்கு இது வரம், ஏனெனில் அதை ஒவ்வொரு முறையும் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்கிறோம். உடலோ ஒருமுறை காட்டியதை மறுமுறை அப்படியே காட்டுவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் வகுத்த முறையில், ஒரு கருவிழியின் இழையமைப்பு 2048 பிட்டுகள் கொண்ட குறியாக மாறுகிறது. ஒரே கண்ணை இருமுறை படமெடுத்தால், கண்மணி விரிந்திருப்பதாலும் இமைமயிர் மறைப்பதாலும் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதாலும், அந்தப் பிட்டுகளில் 10 முதல் 20 விழுக்காடு வரை மாறியிருக்கும். இரண்டு வெவ்வேறு கண்களை ஒப்பிட்டாலோ ஏறத்தாழப் பாதி மாறியிருக்கும். ஒரே ஆளின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட இந்தக் கணக்கில் அந்நியர்கள்தான். ஆள் யார் என்று கண்டுபிடிக்க இந்த இடைவெளி தாராளமாகப் போதும், ஆனால் ஹாஷுக்குப் போதாது. அதற்கு வேண்டியது நெருக்கம் அல்ல, முழு ஒற்றுமை.

இந்தச் சிக்கலுக்கு 1999-இல் ஆய்வாளர்கள் ஆரி ஜூல்ஸும் மார்ட்டின் வாட்டன்பர்க்கும் சொன்ன தீர்வு, எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று. கண்ணிலிருந்து திறவுகோலை, அதாவது கடவுச்சொல்லைப் போலப் பயன்படும் இரகசியப் பிட்டுத் தொடரை, உருவாக்க முயலாமல், திறவுகோலைத் தனியே தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, அதைக் கண்ணால் மூடி வைப்பதுதான் அவர்களின் யோசனை. மூடும் வேலையை எக்ஸ்ஆர் என்ற எளிய கணக்கு செய்கிறது: இரண்டு பிட்டுகள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1, ஒரே தொடரை இருமுறை சேர்த்தால் பழையது திரும்பக் கிடைத்துவிடும்.

நம் திறவுகோல் 1, 0 என்ற இரண்டே பிட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஐந்து முறை திரும்ப எழுதினால் 11111 00000 என்றாகும். பதிவு நாளில் கண்ணிலிருந்து கிடைத்த பிட்டுகள் 10110 01101 என்றால், இரண்டையும் எக்ஸ்ஆர் செய்து வரும் 01001 01101 என்ற தொடரைச் சேமிக்கிறோம். இதற்குத் துணைத்தகவல் என்று பெயர். கூடவே திறவுகோலின் ஹாஷும் இருக்கும். கண்ணும் திறவுகோலும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. மறுநாள் அதே கண் சற்றே பிசகி 10010 01111 என்று வருகிறது. அதைத் துணைத்தகவலுடன் எக்ஸ்ஆர் செய்தால் 11011 00010 கிடைக்கும். ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்துப் பெரும்பான்மையைப் பார்த்தால் முதலாவது 1, இரண்டாவது 0, திறவுகோல் திரும்பிவிட்டது. இப்போது அதை ஹாஷ் செய்து, சேமித்த ஹாஷுடன் ஒப்பிட எந்தத் தடையும் இல்லை. கண்ணில் விழுந்த பிழை, மூடியைத் திறந்ததும் திறவுகோலில் விழுந்த பிழையாக இடம்மாறிவிடுகிறது என்பதுதான் இங்கே நடக்கும் மாயம். கண்ணின் பிழையைத் திருத்த நமக்கு வழி தெரியாது. நாமே வகுத்த குறிமுறையில் விழுந்த பிழையைத் திருத்த நன்றாகத் தெரியும்.

திரும்பத் திரும்ப எழுதுவது பிழைதிருத்தும் குறிமுறைகளிலேயே மிகவும் முரட்டுத்தனமானது. கேம்பிரிட்ஜில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த ஃபெங் ஹாவ், கணினிப் பாதுகாப்பு அறிஞர் ராஸ் ஆண்டர்சனுடனும் டாக்மனுடனும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், உண்மையான கருவிழிகளுக்கு ஏற்ற குறிமுறையைக் கட்டிக் காட்டினார். கருவிழிப் பிழைகள் இருவகை என்பதை அவர்கள் கவனித்தார்கள். படக்கருவியின் இரைச்சலால் அங்கங்கே சிதறி விழுபவை ஒரு வகை. இமைமயிரும் ஒளித்தெறிப்பும் ஒரு பகுதியையே மொத்தமாகக் கெடுப்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஹடமார்ட் குறிமுறையையும், இரண்டாம் வகைக்கு, துண்டு துண்டாகக் கெட்டதைத் திருத்தும் ரீட்-சாலமன் குறிமுறையையும் அடுக்கினார்கள்.

ஹடமார்ட் குறிமுறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரே ஒரு 0-வை எழுதிக்கொள்ளுங்கள். அதை வலப்பக்கம் ஒருமுறையும் கீழே ஒருமுறையும் பிரதி எடுத்து, மூலையில் மட்டும் தலைகீழாக்கி 1 என்று எழுதினால், இரண்டுக்கு இரண்டு கட்டம் கிடைக்கும். அந்த முழுக் கட்டத்தையும் அதேபோல வலப்பக்கமும் கீழேயும் பிரதி எடுத்து, மூலைக்குத் தலைகீழ்ப் பிரதியை வையுங்கள். இப்படி ஆறுமுறை இரட்டிப்பாக்கினால் 64-க்கு 64 கட்டம் வரும். அதில் எந்த இரண்டு வரிகளை எடுத்தாலும், சரியாக 32 இடங்களில் ஒத்துப்போய், 32 இடங்களில் மாறுபட்டிருக்கும். ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. 64 வரிகளும் அவற்றின் தலைகீழ் வரிகளும் சேர்ந்த 128 தொடர்களில், ஒன்றை 7 பிட்டுகளால் குறிப்பிடலாம். எந்தத் தொடரும் இன்னொன்றிலிருந்து 32 இடங்களாவது விலகி நிற்பதால், 15 பிட்டுகள் வரை கெட்டாலும் மூலத்தொடர் எது என்பதில் ஐயம் வராது.

2048 பிட்டுகளில் இப்படிப்பட்ட 64 பிட் துண்டுகள் 32 அடங்கும். அவற்றில் 20 துண்டுகள் உண்மையான திறவுகோலைச் சுமக்க, மீதி 12 ரீட்-சாலமனின் காப்புத் துண்டுகளாகின்றன. பாழான ஒரு துண்டைச் சரிசெய்ய இரண்டு காப்புத் துண்டுகள் வேண்டும், எனவே 6 துண்டுகள் முற்றிலும் பாழானாலும் கணக்கு தப்பிவிடும். இருபது ஏழு நூற்று நாற்பது: 140 பிட் திறவுகோல். 70 கண்களை ஒவ்வொன்றும் பத்து முறை படமெடுத்துச் சோதித்ததில், உரியவரையே தவறாக மறுத்தது 0.47 விழுக்காடு, அந்நியர் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. எழுபது கண்கள் சிறிய எண்ணிக்கை என்பதையும், எல்லாப் படங்களும் நல்ல நிலையில் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இந்த இரட்டிப்புக் கட்டத்தைக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1867-இல் வரைந்தபோதும், இன்னொரு கணிதவியலாளரான ஹடமார்ட் 1893-இல் ஆராய்ந்தபோதும் செய்தி அனுப்புவதில் இதற்கு ஒரு பயனும் கிடையாது. 1971-இல் செவ்வாயைச் சுற்றிய மரினர் 9 விண்கலம், இதன் 32 பிட் வடிவத்தில்தான் தன் படங்களைப் பூமிக்கு அனுப்பியது. ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் மூன்றாண்டுக்குள் என்ன பயன் என்று எழுதி வாங்கும் குழுக்களின் படிவத்தில், சில்வெஸ்டர் எதை நிரப்பியிருப்பார் என்று யோசித்து நான் அவ்வப்போது எரிச்சல் அடைவதுண்டு.

இனி இதன் விலையைப் பார்ப்போம். மேலே சொன்ன குட்டி எடுத்துக்காட்டில் 01001 என்ற துணைத்தகவல் திருடன் கையில் கிடைத்தால், கண்ணின் அந்த ஐந்து பிட்டுகள் 01001 அல்லது அதன் தலைகீழான 10110 என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஐந்து பிட் இரகசியம் ஒரு பிட்டாகச் சுருங்கிவிட்டது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்கிறோமோ, அவ்வளவு இரகசியத்தை விட்டுக்கொடுக்கிறோம். இதிலிருந்து தப்ப வழியில்லை. போதாக்குறைக்கு, கருவிழியின் 2048 பிட்டுகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. டாக்மனின் கணக்குப்படி சுதந்திரமானவை 249 அளவில்தான். இந்தச் சார்புகளை முழுமையாக அறிந்த எதிரிக்கு 140 பிட் திறவுகோல் ஏறத்தாழ 44 பிட் வலிமையே தரும் என்று ஹாவும் கூட்டாளிகளும் தாங்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டின் 44-ஆம் அடுக்கு என்பது சுமார் 17.6 லட்சம் கோடி. மனிதருக்குப் பெரிய எண், கணினிக்கு அப்படியில்லை. அதனால்தான் அவர்கள் துணைத்தகவலைச் சில்லு அட்டையில் வைத்து, கடவுச்சொல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தங்கள் முறையின் பலவீனத்தைத் தாங்களே எண்ணாக எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தை, 'உடைக்கவே முடியாத பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்பவர்கள் கற்றுக்கொண்டால் நல்லது.

திருடுபோனால் என்ன செய்வது? புதிய திறவுகோலைத் தேர்ந்து, அதே கண்ணால் மூடினால், பழைய திறவுகோல் செல்லாததாகிவிடும். கடவுச்சொல்லுக்கு இருக்கும் 'மாற்றிக்கொள்ளும்' வசதி கண்ணுக்கும் கிடைப்பது இப்படித்தான். ஆனால் அதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கண்ணின் பிட்டுகள் இரண்டு நிறுவனங்களில் இரண்டு துணைத்தகவல்களாக இருந்து, இரண்டும் கசிந்ததாக வையுங்கள். அவற்றை ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் செய்தால் கண் கண்ணோடு கழிந்து, சிறு பிழை மட்டும் மிஞ்சும். இந்தக் குறிமுறைகளில் இரண்டு குறித்தொடர்களை (குறிமுறை அனுமதிக்கும் பிழையற்ற தொடர்களை) எக்ஸ்ஆர் செய்தால் வருவதும் ஒரு குறித்தொடரே. ஆகவே விடை ஏதேனும் ஒரு குறித்தொடருக்கு மிக அருகில் வந்து விழும். வெவ்வேறு கண்களாக இருந்தால் அப்படி விழாது. கண்ணையும் அறியாமல், திறவுகோலையும் அறியாமல், இருவரும் ஒரே ஆள் என்று சொல்லிவிடலாம். சிமோன்ஸ், டௌல்ஸ், பிரெனீல் ஆகியோர் 2009-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் பிட்டுகளைத் தனக்கென்று வேறொரு வரிசையில் கலைத்துக்கொள்வது இதற்கு முன்வைக்கப்பட்ட ஒரு மாற்று.

கைப்பேசிகள் இவ்வளவு தூரம் போவதில்லை. அவை கைரேகையின் எண்வடிவப் பதிவைச் சில்லுக்குள் பிரித்தொதுக்கப்பட்ட ஒரு பகுதியில் பூட்டி, ஒப்பீட்டையும் அதற்குள்ளேயே முடித்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையை மட்டும் வெளியே அனுப்புகின்றன. ஒருவரின் ரேகை அவர் பையிலேயே இருக்கும்வரை அது போதும். லட்சக்கணக்கானோரின் பதிவை ஒரே இடத்தில் குவித்து வைப்பவர்களுக்குத்தான் ஜூல்ஸும் வாட்டன்பர்க்கும் காட்டிய வழி தேவைப்படுகிறது.