'மூலத்தைப் போல இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

ஒரு ரீமேக் படத்தின் விமர்சனத்தில் வந்த வரி: "மூலப் படத்தின் நாயகனைப் போல இவர் கத்தவில்லை."

சரி, மூலப் படத்தில் நாயகன் கத்தினாரா, இல்லையா? எழுதியவருக்குத் தெரியும், இரண்டு படங்களையும் பார்த்தவர். படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 'அவர் கத்தினார், இவர் கத்தவில்லை' என்றும் கொள்ளலாம். 'அவரும் கத்தவில்லை, அவரைப் போலவே இவரும்' என்றும் கொள்ளலாம். 'போல' என்ற சொல் எதிர்மறை வினையோடு சேர்ந்தாலே தமிழில் இந்தச் சிக்கல் தலைகாட்டும். பாராட்டு என்று நினைத்து எழுதியது குறையாகப் படிக்கப்படும். வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் போதும்: "மூலப் படத்தில் நாயகன் இந்த இடத்தில் கத்துவார். இவர் கத்தவில்லை."

சினிமா விமர்சனங்களைச் செம்மைப்படுத்துவது என் பிழைப்பு. நேரடிப் படங்களுக்கு வரும் விமர்சனங்களில் எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும்தான் பெரும்பாலும் திருத்த வேண்டியிருக்கும். ரீமேக் என்றால் என் வேலை இரண்டு மடங்கு. எழுதுபவர் ஒப்பிட்டாலும் ஒப்பிடாவிட்டாலும் ஒப்பீடு அங்கே உட்கார்ந்திருக்கும் என்பதுதான் காரணம். ஒரு நேரடிப் படத்தைப் பற்றி 'மெதுவான திரைக்கதை' என்று எழுதினால் அது வெறும் பெயரடை. அதையே ரீமேக்கைப் பற்றி எழுதிப் பாருங்கள். 'மூலத்தைவிட மெதுவான' என்றுதான் வாசகர் படிப்பார். மூலமும் அதே நடையில்தான் போயிருக்கும், நீங்களும் வேறெதையும் சொல்ல வந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் இயக்குநர்மீது ஒரு பழி விழுந்துவிடும்.

தமிழில் இது கூடுதலாக நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். நம் பெயரடை ஒப்பீட்டுக்காக உருமாறுவதில்லை. 'நல்ல' என்பது எப்போதும் 'நல்ல'தான். ஒப்பீட்டின் சுமை முழுவதையும் பக்கத்திலுள்ள பெயரும் அதன்மேல் ஏறிய 'விட', 'காட்டிலும்' போன்ற சொற்களும்தான் தூக்கிக்கொள்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டால் எதை எதோடு ஒப்பிட்டோம் என்பதற்குத் தடயமே இருக்காது.

பெயரைச் சொன்னாலும் சரியாகச் சொல்ல வேண்டும். 'இதன் பாடல்கள் மூலப் படத்தைவிட நன்றாக இருக்கின்றன' என்ற வாக்கியம் வாரம் ஒருமுறையாவது என் மேசைக்கு வருகிறது. பாடல்களைப் பாடல்களோடு ஒப்பிட வேண்டும். இங்கே பாடல்கள் ஒரு முழுப் படத்தோடு மல்லுக்கு நிற்கின்றன. 'மூலப் படத்தின் பாடல்களைவிட' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. 'விறுவிறுப்பான மூலப் படத்தின் இரண்டாம் பாதி' என்பது இன்னொரு வகை. விறுவிறுப்பு படத்துக்கா, பாதிக்கா? பெயரடையைத் தனக்கு உரிய பெயரின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

இவை இலக்கணத் திருத்தங்கள், யாரும் செய்துவிடலாம். நான் எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்பது 'எதில்?' என்ற ஒற்றைக் கேள்வியை. 'மூலத்தைவிட அழுத்தமான படம்' என்கிறீர்கள். எதில் அழுத்தம்?

தொல்காப்பியர் உவமையியலின் தொடக்கத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: "வினை பயன் மெய் உரு என்ற நான்கே / வகைபெற வந்த உவமத் தோற்றம்." செயலை ஒப்பிடலாம், அதனால் விளைவதை ஒப்பிடலாம், வடிவத்தை ஒப்பிடலாம், நிறத்தை ஒப்பிடலாம். அவர் செய்யுளுக்குச் சொன்னார். ரீமேக்குக்கு இது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நானும் முதலில் எதிர்பார்க்கவில்லை.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' என்ற தன் படத்தைத் தானே மறுபடி எடுத்தவர். முதலாவது 1934, இரண்டாவது 1956. முன்னது 75 நிமிடம், பின்னது 120 நிமிடம், இது மெய். முன்னது கறுப்பு வெள்ளை, பின்னது வண்ணம், உரு. முன்னது சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது, பின்னது மொராக்கோவில். இரண்டிலும் விடுமுறைக்குப் போன குடும்பம் ஒரு கொலைச் சதியைத் தெரிந்துகொள்கிறது. அவர்கள் வாயைத் திறக்காமலிருக்கப் பிள்ளை கடத்தப்படுகிறது. இரண்டும் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ஒரு கச்சேரிக்கு வந்து சேர்கின்றன. இனி முடிவைச் சொல்லப் போகிறேன், இத்தனை வருடம் கழித்தும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். முதல் படத்தில் அம்மா குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரி. மகளைத் துரத்தி வருபவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். இரண்டாவதில் அம்மா பாடகி. அவள் பாடுவதைக் கேட்டு, அடைத்து வைக்கப்பட்ட மகன் சீட்டியடிக்கிறான், இருக்குமிடம் தெரிகிறது. வினை வேறு, பயன் ஒன்று.

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'இரண்டாவது படம் முதலாவதைவிட உணர்ச்சிகரமானது.' 'முதல் படத்தில் துப்பாக்கி செய்த வேலையை இரண்டாவதில் பாட்டு செய்கிறது.' பின்னதில் ஒரு பெயரடைகூட இல்லை. எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம் என்று வாசகர் தானே முடிவு செய்துகொள்வார். ஹிட்ச்காக்கே இவ்விரண்டையும் பற்றி பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது, முதலாவது திறமையுள்ள ஒரு அமெச்சூரின் வேலை, இரண்டாவது ஒரு தொழில்காரர் எடுத்தது என்ற பொருளில் சொன்னார். எது நல்ல படம் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், கைத்தேர்ச்சி என்ற ஒரே ஓர் அடிப்படையில் நின்றுகொண்டார்.

அதே உவமையியலில் 'உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை' என்றும் ஒரு நூற்பா உண்டு. உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். முகத்தை நிலவு என்போம், நிலவு மேலே இருக்கிறது. 'மூலத்தைப் போலவே' என்று எழுதும்போதும் இதேதான் நடக்கிறது. மூலம் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது, ரீமேக் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. 'அளவுக்கு இல்லை', 'நெருங்கவில்லை', 'ஈடுகொடுக்கிறது' எல்லாமே கீழிருந்து மேலே பார்க்கும் சொற்கள். மூலத்தில் ஒரு சொதப்பல் இருந்து, ரீமேக் அதைச் சரிசெய்திருந்தால் அதைச் சொல்ல இந்தச் சொற்களுக்கு வராது. அப்போது ரீமேக்கை எழுவாயாக்கி எழுதுங்கள், பார்வை தானாகத் திரும்பிவிடும்.

வினையடைக்கு வருகிறேன், இதில் பேச அதிகமில்லை. 'சிறப்பாக நடித்திருக்கிறார்', 'அழகாகப் படமாக்கியிருக்கிறார்கள்'. இந்த 'ஆக'வை எந்தப் படத்தின் விமர்சனத்தில் ஒட்டினாலும் ஒட்டும், அதனால் எதிலும் ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம். நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது, இரட்டைக்கிளவி இருக்கிறது. 'பயத்தைச் சிறப்பாக வெளிப்படுத்துகிறார்' என்பதைவிட 'போலீஸ்காரர் கேள்வி கேட்கும்போது திருதிருவென விழிக்கிறார்' என்பதில் நடிகரின் முகம் தெரிகிறது. 'மிக', 'மிகவும்' என்ற சொற்கள் எல்லா வரியிலும் வந்தால், நிஜமாகவே மிகுந்த இடத்தில் போட என்ன மிச்சமிருக்கும்?

ஒரு வினையடையிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது 'அப்படியே'. கூடப் பிறந்தவை 'அச்சு அசலாக', 'காட்சிக்குக் காட்சி'. 1960-இல் வந்த 'சைக்கோ'வை கஸ் வான் சான்ட் 1998-இல் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தார். 'அப்படியே' என்ற சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் படம் கிடைப்பது கஷ்டம். அதிலேயே நடிகர்கள் வேறு, கறுப்பு வெள்ளை வண்ணமாகிவிட்டது. மற்ற ரீமேக்குகளில் 'அப்படியே' என்பது பெரும்பாலும் நினைவின் சோம்பல்தான். அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம்; அதை ஜான் ஸ்டர்ஜஸ் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) என்று எடுத்தபோது 128 நிமிடம். கதை அதேதான், கிராமத்தைக் காக்க வரும் 7 பேர். போன 79 நிமிடத்தில் எந்தெந்த மனிதர்கள் சுருங்கினார்கள் என்று தேடினால் விமர்சனத்துக்கு விஷயம் கிடைக்கும். 'சுருக்கமான', 'விறுவிறுப்பான' என்று எழுதி முடித்தால் தேடவே தோன்றாது.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே விமர்சனம் எழுதுவேன். ஒரு ரீமேக்கைப் பற்றி, மூலத்தில் இருந்த 'மௌனமான, நெஞ்சைப் பிசையும்' ஒரு பிரிவுக் காட்சியை இதில் வசனத்தால் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். உண்மை என்னவென்றால், மூலத்தை நான் பல வருடம் முன்பு பாதித் தூக்கத்தில் பார்த்திருந்தேன். எந்தக் காட்சி என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டார். மறுபடி பார்த்தேன். மூலத்தில் அந்த இடத்தில் இரண்டு பேரும் நிறுத்தாமல் பேசுகிறார்கள்! மௌனம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பெயரடைகளை மட்டும் அவ்வளவு உறுதியாகப் போட்டிருந்தேன். இப்போது யாராவது மூலத்துக்கு இரண்டு பெயரடை சேர்ந்தாற்போல் போட்டால், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரும்.

இன்னொன்று, இதை யாரும் ஒப்பீட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை. 'மூலத்தைவிட எதிர்பாராத முடிவு' என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு படங்களை உடைத்துவிட்டீர்கள். மூலத்தைப் பார்த்தவருக்கு முடிவு மாறியிருப்பது தெரிந்துபோகும். பார்க்காதவருக்கு ஏதோ திருப்பம் காத்திருப்பது தெரிந்துபோகும். எதைக் கொன்றோம் என்றே தெரியாமல் கொல்வது இது.

அப்புறம் 'தேவையற்ற'. ரீமேக் விமர்சனங்களில் நான் அதிகம் சண்டை போட்டது இந்தப் பெயரடையோடுதான். 'தேவையற்ற ரீமேக்' என்றால் யாருக்குத் தேவையில்லை? மூலத்தை நான்கு முறை பார்த்த விமர்சகருக்கா, அந்த மொழியே தெரியாதவருக்கா? ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013-இல் எடுத்த 'த்ரிஷ்யம்' படத்தை 2015-இல் அவரே தமிழில் 'பாபநாசம்' ஆக்கினார். மலையாளப் படத்தையே பார்த்துவிட்ட ஒருவருக்கு அது எதற்கு என்று தோன்றியிருக்கலாம். நெல்லைத் தமிழில் அந்தக் குடும்பம் பேசுவதைக் கேட்க உட்கார்ந்தவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சில மாதங்களுக்கு முன் புதிதாக எழுத வந்த ஒரு பெண் இதே சொல்லோடு ஒரு விமர்சனம் அனுப்பியிருந்தார். ஓரத்தில் 'யாருக்கு?' என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, கோபித்துக்கொண்டார் போல என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வந்த பிரதியில் அந்தச் சொல் இருந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: "மூலத்தில் மகள் கதவைச் சாத்தும்போது கேமரா அப்பாவோடு வெளியே நிற்கும். இதில் அது மகளோடு உள்ளே போய்விடுகிறது. அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று நமக்குத் தெரியாமலே போகிறது."

அந்தப் பத்தியில் நான் கை வைக்கவில்லை. தலைப்பில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.