டியூடர் காசுகளைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள்

போன வாரமும் ஒரு காசு வந்தது. இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச குடும்பத்தைச் சேர்ந்த முதலாம் எலிசபெத் காலத்து வெள்ளி முக்கால் பென்னி. ஏலத்தில் எடுத்தபோது கருத்துப்போய் இருந்ததாம். எடுத்தவர் அதை வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவத்தில் முக்கி, பழைய பல் பிரஷால் அழுத்தித் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இப்ப என்ன விலை போகும்?" என்று ஆசையாகக் கேட்டார். கொடுத்த விலைக்கே போகாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் பழங்காசுகளைப் பராமரித்து மதிப்பிடுவது என் தொழில். இதே பதிலை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், அந்தக் காசில் என்ன இருந்தது, என்ன போனது என்று பார்ப்போம். முக்கால் பென்னி 1561-ல் வந்தது. எடை சுமார் 0.39 கிராம். கால் பென்னிக்கு, அதாவது ஃபார்திங்குக்கு, வெள்ளியில் காசு அடித்தால் அது விரலிடுக்கில் நழுவிப்போகும் அளவுக்குச் சிறிதாகிவிடும். அதற்காகச் செய்த ஏற்பாடுதான் இது. கால் பென்னிக்குச் சாமான் வாங்குகிறவர் ஒரு பென்னியை நீட்டி முக்கால் பென்னியைத் திரும்ப வாங்கிக்கொள்வார். 1582-க்குப் பிறகு முக்கால் பென்னி அடிப்பது நின்று, கால் கிராம் எடையில் அரை பென்னி வந்தது. அதில் அரசியின் முகத்துக்கே இடமில்லை. ஒரு பக்கம் கோட்டை வாசலின் இரும்புச் சட்டக் கதவு, மறுபக்கம் சிலுவை, அவ்வளவுதான்.

எலிசபெத்தின் காசுகள் ஒன்றுக்கொன்று அளவில் நெருக்கமானவை. மக்கள் குழம்பாமல் இருக்க, ஒன்று விட்டு ஒன்றில் அரசியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவைப் பொறித்தார்கள். ஆறு பென்னியில் ரோஜா உண்டு, நான்கு பென்னி கிரோட்டில் இல்லை. மூன்று பென்னியில் உண்டு, இரண்டில் இல்லை. ஒன்றரையில் உண்டு, ஒன்றில் இல்லை. முக்காலில் உண்டு. ரோஜா உள்ளவற்றின் பின்பக்கம் ஆண்டும் இருக்கும்.

இப்போது அந்த ரோஜாவையும் ஆண்டையும் தேய்த்து அழித்துவிட்டால் முக்கால் பென்னிக்கும் பென்னிக்கும் என்ன வித்தியாசம்? எடையை வைத்துச் சொல்லலாமே என்பார்கள். முழுப் பென்னி சுமார் அரை கிராம்தான். நானூறு ஆண்டு தேய்மானமும், ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடிய அந்தக் காலத்துப் பழக்கமும் சேர்ந்தால் இரண்டும் ஒரே எடைக்கு வந்துவிடும். மேசைக்கு வந்த அந்தக் காசில் ரோஜா இருந்த இடத்தில் ஒரு மேடுதான் மிச்சம். ஆண்டில் முதல் இரண்டு எண்கள் தெரிந்தன. அவை எல்லா முக்கால் பென்னிக்கும் ஒன்றுதான்.

சரி, ஏன் தேய்க்கிறார்கள்? "கறுப்பு என்றால் அழுக்கு, அழுக்கு போனால் மதிப்பு கூடும்." இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை மிகவும் சோர்வடைய வைக்கிறது. அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி இல்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து காசின் சொந்த வெள்ளியே மாறி உண்டான படலம் அது. முகத்தின் கோடும் எழுத்தின் விளிம்பும் இப்போது அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அதை எடுத்தால் காசின் மேல்தோலை உரிக்கிறீர்கள். கிரவுன் என்ற கனமான பெரிய வெள்ளிக் காசு ஒருமுறை தாங்கும். கால் கிராம் காசில் உரிக்க என்ன இருக்கிறது? பற்பசையில் அரைக்கும் பொடி இருக்கிறது, அது கீறும். பாலிஷ் திரவம் கரைக்கும். அலுமினிய ஃபாயிலும் சோடா உப்பும் பாதுகாப்பானவை என்று காணொளிகளில் சொல்கிறார்கள். கீறாது, உண்மைதான். ஆனால் கறுப்பு இருந்த இடத்தில் உயிரற்ற ஒரு சாம்பல் வெளுப்பு வரும், பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஏல அட்டவணையில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரு சொல் விழுந்தாலே கேட்கும் கைகள் குறைந்துவிடும். சேகரிப்பவர்கள் சீரான கருமைக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பளபளப்புக்கு இல்லை, இல்லவே இல்லை.

எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றியின் கடைசிச் சில ஆண்டுகளில் வந்த காசுகள் இன்னும் மோசமாகப் பாதிக்கப்படும். 1544-லிருந்து அவர் வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போனார். 1546-ல் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. 1551-ல், அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், அது கால் பங்குக்கு இறங்கியது. இந்தக் காசுகளின் மேற்பரப்பில் மெல்லியதாக வெள்ளி, உள்ளே பெரும்பாலும் செம்பு. புழக்கத்தில் காசிலிருந்த ஹென்றியின் மூக்கு தேய்ந்து சிவப்பு தெரிந்ததால்தான் மக்கள் அவரைச் செம்பு மூக்கர் என்றார்கள். நீங்கள் தேய்த்தால் முகமெல்லாம் சிவந்துவிடும். சிவப்பைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்துச் செம்பு நேர்மையான செம்பு, அவசரப்படாதீர்கள்.

ஹென்றியின் முதன்மை அமைச்சரும் யார்க் பேராயருமான கார்டினல் தாமஸ் வுல்சி யார்க்கில் அடித்த அரை கிரோட்டுகளைச் சேகரிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கேடயத்தின் அடியில் உள்ள கார்டினல் தொப்பியும், பக்கங்களில் உள்ள டி, டபிள்யூ எழுத்துகளும்தான் அதன் உயிர். அரசரின் காசில் தன் தொப்பியை வைத்தார் என்பது 1529-ல் அவர் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதுவே தேய்ந்துபோனால் நீங்கள் வாங்கியது எதை?

வளைந்த காசை நிமிர்த்தவும் வேண்டாம். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், இடுக்கியால் பிடித்ததும் இரண்டாகிவிடும். தவிர, புனிதருக்கு நேர்ந்துகொள்ளும்போது பென்னியை வளைப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அந்த வளைவே ஒருவரின் வேண்டுதலாக இருக்கலாம்.

என்னதான் செய்வது என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், துடைக்காமல் உலரவிடுங்கள். வளையக்கூடிய பிவிசி உறைகளைத் தூக்கிப் போடுங்கள், அவற்றிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு கசியும். பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித உறையோ போதும். கம்பளித் துணியும் ரப்பரும் அருகில் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. பழைய சேகரிப்பிலிருந்து வந்த காசோடு கையால் எழுதிய சீட்டு இருந்தால், அழுக்காக இருக்கிறதென்று எறிந்துவிடாதீர்கள். காசுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

போலிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், இப்போதைக்கு ஒன்று. சம்மட்டியால் கையில் அடித்த காசு எதுவும் இன்னொன்றைப் போல மையம் விலகி, அதே இடத்தில் விரிசல் விட்டிருக்காது. அப்படி இரண்டைப் பார்த்தால் ஒன்றாவது அச்சில் வார்த்த போலிதான்.

மெட்டல் டிடெக்டரோடு வயலுக்குப் போகும் நண்பர்களே, நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். தேம்ஸ் கரை என்றால் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1996-ன் புதையல் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இரண்டு ஒரே புதையலைச் சேர்ந்தவையாகக் கிடைத்தாலே 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் பகுதியின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் (Finds Liaison Officer) கொண்டுபோனால் மேற்கொண்டு ஆக வேண்டியதை அவர்கள் சொல்வார்கள். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் நில உரிமையாளருக்கும் வெகுமதி உண்டு. அதை மதிப்பிடும்போது காசின் நிலையைத்தான் பார்ப்பார்கள், ஆகவே மண்ணோடு அப்படியே கொண்டுபோங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், பல் பிரஷை மட்டும் எடுக்காதீர்கள்.