எந்த மருந்தை ஏற்றி எடுத்த பெட் ஸ்கேன்?

'பெட் ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்' என்று யாராவது சொன்னால், எந்த மருந்தை ஏற்றி எடுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பெட் இயந்திரம் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நரம்பில் ஏற்றிய கதிரியக்க மருந்து உடலில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். மருந்து ஒட்டாத கட்டி படத்தில் தெரியாது.

வழக்கமாக ஏற்றுவது எஃப்டிஜி. இது குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளூரின்-18ஐச் சேர்த்துச் செய்தது. வேகமாக வளரும் புற்று சர்க்கரையை அள்ளி விழுங்குவதால் பளிச்சென்று தெரியும். ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகள் பலவற்றின் போக்கு வேறு. நடிகர் இர்ஃபான் கான் 2018இல் தமக்கு இருப்பதாக அறிவித்தது இந்த வகைதான். ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இதுவே. சிறுகுடல், கணையம், நுரையீரல் என எங்கும் தோன்றும். மெதுவாக வளர்வதால் சர்க்கரைத் தேவை குறைவு. எஃப்டிஜி படத்தில் சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடும். திடீர் திடீரென்று முகம் சிவந்து சூடேறுவதும் ஓயாத பேதியும் சிலருக்கு இருக்கும். அதை ஐபிஎஸ் எனும் குடல் கோளாறு என்றோ மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவு என்றோ நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டிகளின் செல்கள் மேல், சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் மிகுதி. அவற்றில் போய்ப் பூட்டிக்கொள்ளும் டோட்டாடேட், டோட்டாநாக் போன்ற மருந்துகளோடு காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்து ஏற்றினால், சில மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரிய வாய்ப்பு உண்டு. காலியத்துக்கு சைக்ளோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி இயந்திரம் தேவையில்லை. ஜெர்மானியம்-68 அடைத்த ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து கறந்துகொள்ளலாம். எங்கள் துறையில் அதைப் 'பசு' என்றே சொல்வது வழக்கம். ஜெர்மானியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 271 நாள். கறந்த காலியத்துக்கோ 68 நிமிடம்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாமதமானால் மருந்தின் வீரியம் பாதியாகிவிடும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் எட்டுக்கே வரவேண்டும் என்று கறாராக இருப்பது இதனால்தான்.

இரண்டு ஸ்கேனுக்கும் தயாரிப்பு ஒன்றல்ல. எஃப்டிஜிக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை போடாத காபி என்றாலும் வேண்டாம். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள். முதல் நாள் ஜிம்முக்குப் போனால் தசையெல்லாம் மருந்தை இழுத்துக்கொள்ளும். ஊசி போட்ட பிறகு காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளை பளிச்சிடும். மெட்ஃபார்மின் குடலை ஒளிர வைப்பதால், இரண்டு நாள் முன்பே நிறுத்தலாமா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டோட்டாடேட்டுக்குப் பொதுவாகப் பட்டினி வேண்டியதில்லை. இந்தக் கட்டிகளுக்குச் சிகிச்சையாக மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைட் ஊசிதான் அங்கே கவனிக்க வேண்டியது. அதுவும் அதே ஏற்பிகளில் உட்காரும். அடுத்த ஊசிக்கு ஓரிரு நாள் முன்பு ஸ்கேனை வைத்துக்கொள்வது வழக்கம்.

ஒளிர்வதெல்லாம் கட்டி இல்லை. மண்ணீரலும் சிறுநீரகமும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் இயல்பாகவே டோட்டாடேட்டை வாங்கும். கணையத் தலையின் கொக்கிப் பகுதி லேசாக ஒளிர்வதைக் கட்டி என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. கணைய வாலருகே பிறவியிலேயே இருக்கும் குட்டி மண்ணீரலும் அப்படித்தான் ஏமாற்றும். ஆகவே படத்தை மட்டும் வைத்துப் புற்று என்று முடிவு கட்டக் கூடாது, பயாப்சி வேண்டும். அந்த அறிக்கையில், கட்டியின் செல்களில் எத்தனை விழுக்காடு பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 என்ற எண் இருக்கும். 3 விழுக்காட்டுக்குக் கீழே முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். தரம் ஏற ஏறக் கட்டி ஏற்பிகளை இழந்து சர்க்கரைக்குத் தாவும். அப்போது எஃப்டிஜி ஸ்கேனும் சேர்த்து எடுப்பார்கள். இரண்டு ஸ்கேனா, பணம் பறிக்கிறார்களா என்று சிலர் சந்தேகப்படுவது புரிகிறது. ஆனால் அதே ஏற்பிகள் வழியாகக் கட்டிக்குள் கதிரியக்கத்தைச் செலுத்தும் லுட்டீஷியம்-177 சிகிச்சை பலன் தருமா என்று கணிக்க அந்த இரண்டும் உதவும்.

எலும்பெல்லாம் வலித்து, அடிக்கடி முறிவு ஏற்பட்டு, ரத்தத்தில் பாஸ்பேட் தொடர்ந்து குறைவாக இருப்பவர்களுக்கும் இதே காலியம் ஸ்கேன் உதவும். எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரந்து பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும் ஒரு சின்னஞ்சிறு கட்டி காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் அது புற்று அல்ல. வெட்டி எடுத்தால் நோய் தீரும். கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பெட் ஸ்கேன் வழக்கமாக மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான். இந்தக் கட்டியோ பாதத்திலோ மூக்கின் உள்ளறையிலோ ஒளிந்திருக்கும். உச்சி முதல் உள்ளங்கால் வரை, கைகளையும் சேர்த்து எடுக்கும்படி சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கூடவே எடுக்கும் சோதனைகளிலும் கவனம் வேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமில மாத்திரை சாப்பிட்டால் இந்தக் கட்டிகளுக்காக ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின்-ஏ அளவு பொய்யாக ஏறும். கட்டி சுரக்கும் செரோடோனின் சிதைந்து வெளிவரும் ஐந்து-எச்ஐஏஏ என்ற பொருளைப் பார்க்க 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கும்போதும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளும் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி கூடாது.

அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள். மருந்தின் பெயர், ஏற்றிய அளவு, ஏற்றிய நேரம், அன்றைய சர்க்கரை அளவு, கடைசி ஆக்ட்ரியோடைட் ஊசியின் தேதி எல்லாம் அறிக்கையில் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனை இதனோடு ஒப்பிட அவை தேவைப்படும்.