ரேட்ஸ் கட்டுவதை நிறுத்தாதீர்கள், ஆட்சேபனை போடுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், எங்கள் தெருவில் ஒரு பாட்டி, ஆயா என்போம். ரேட்ஸ், அதாவது நகராட்சி சொத்து வரி. அந்த வரி அதிகம் என்று ஆட்சேபிக்க, ரேட்ஸ் பில்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தார். முதல் நாள், படிவம் இல்லை என்றார்கள். அடுத்த தடவை, வீடு தாத்தா பேரில் இருக்கிறது, நீங்கள் ஆட்சேபிக்க முடியாது என்றார்கள். மூன்றாவது தடவை, கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கெடு என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை சொன்னதே தப்பு. 2004-ஆம் ஆண்டின் நகராட்சி சொத்து வரிச் சட்டப்படி, நகராட்சி ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்புப் போட்டு வெளியிடும் மதிப்பீட்டுப் பட்டியலில் உள்ள ஒரு சொத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பட்டியல் வெளியானதும் ஆட்சேபனைக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். தபால் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள்கள் ஓடிவிடும்.

படிவத்தில் "ரேட்ஸ் அதிகம், கட்ட முடியவில்லை" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். வீட்டின் சந்தை விலை தப்பு, பரப்பளவு தப்பு, குடியிருப்பை வியாபாரம் என்று போட்டிருக்கிறார்கள், இப்படிப் பட்டியலில் உள்ளதைத்தான் எதிர்க்க முடியும். அதே தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலை, சுவர் வெடிப்பின் படம் இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு.

இப்போது பெரிய ஆபத்துக்கு வருகிறேன். 2000-ல் டர்பனையும் சுற்றுப்புறங்களையும் ஈதெக்வினி என்று ஒரே நகராட்சியாக்கியதிலிருந்து, "எங்கள் காசு எங்கேயோ போகிறது" என்று வசதியான வெஸ்ட்வில்லிலும் சொல்கிறார்கள், உழைப்பாளிகள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் சொல்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் கோபத்தில் கட்டுவதை நிறுத்த வேண்டாம். ஜோஹானஸ்பர்க்கில் சாண்ட்டன் என்ற வசதியான பகுதிக்காரர்கள் 1996-ல் நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே சொத்து வைத்திருந்த கம்பெனிகள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயும் 1998-ல் ஜெயிக்கவில்லை. அவர்களுக்கு வக்கீல் இருந்தார். பென்ஷனில் வாழ்கிறவருக்கு யார் இருக்கிறார்?

ஆட்சேபனை போட்டாலும் பில் நிற்காது. மதிப்பு குறைந்தால், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தர வேண்டியது அவர்கள் கடமை. ரேட்ஸை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மட்டும் கட்டுகிறேன் என்பதும் பலிக்காது. நகராட்சி உங்கள் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கலாம், நீங்கள் கட்டிய பணத்தை ரேட்ஸ் பாக்கியில் கழிக்கலாம். அப்புறம் பாக்கி மின்சாரத்தில் நிற்கும், லைட்டை அணைத்துவிடுவார்கள். பாக்கி இருந்தால் வீட்டை விற்கும்போதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கிடைக்காமல் இழுத்தடிக்கும்.

முதியோர் சலுகை தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். ரேட்ஸ் கொள்கையை வருடாவருடம் மறுபரிசீலனை செய்கிறார்கள். ஆகவே போன வருடம் கிடைத்தது இந்த வருடமும் வரும் என்று சும்மா இருக்காதீர்கள். இங்கேதான் பத்திரத்தில் உள்ள பெயர் குறுக்கே வரும். தாத்தா இறந்து வீடு இன்னும் அவர் பேரிலேயே இருந்தால், முதலில் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் இறந்தவர் சொத்துக் கணக்கைப் பதிவு செய்யுங்கள். அங்கே தரும் அதிகாரக் கடிதத்தின் நகலைச் சலுகை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் தேதி முத்திரை விழும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். ஆயாவிடம் அன்று அது ஒன்றுதான் இல்லை.